மசக்கை நாட்களில் உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், ஆறாவது வாரத்தில் கருவின் நீளம் சுமார் அரை சென்டிமீட்டர்தான். வயிறு வெளியே தெரிய இன்னும் பல வாரங்கள் ஆகும். அதற்குள்ளாகவே கர்ப்பமான பெண்ணுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. நடுப்பகலில் கண் சொருகுகிறது. நேற்றுவரை பிடித்திருந்த வாசனை இன்று குமட்டுகிறது. "இப்பவே இவ்வளவு களைப்பா?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிடுகிறார்கள். களைப்புக்கும் கருவின் அளவுக்கும் தொடர்பே இல்லை. கரு பெரிதான பிறகு தேவைப்படப் போகும் ஏற்பாடுகளையெல்லாம் தாயின் உடல் இந்த முதல் சில வாரங்களிலேயே செய்யத் தொடங்கிவிடுகிறது.

கரு கருப்பைச் சுவரில் பதிந்ததும், அதைச் சூழ்ந்த செல்கள் எச்.சி.ஜி என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வீட்டில் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில் கோடாகத் தெரிவது இதுதான். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இதன் அளவு இரட்டிப்பாகும். சினைமுட்டை வெளியேறிய பின் சூலகத்தில் எஞ்சியிருக்கும் சிறு திசு, கரு தங்காத மாதங்களில் சுமார் இரண்டு வாரத்தில் சுருங்கிப்போகும். அதைச் சுருங்கவிடாமல் காப்பதே எச்.சி.ஜியின் முதல் வேலை. காரணம், அந்தத் திசுதான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரை உதிராமல் நிறுத்தி வைக்கிறது. ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் நஞ்சுக்கொடி மெல்ல மெல்ல அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது.

கருப்பைத் தசை இறுகிச் சுருங்காமல் தளர்ந்திருக்கவும் புரோஜெஸ்டிரோன் வேண்டும். ஆனால் ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பாயும் ஹார்மோன், கருப்பையோடு நின்றுவிடாது. குடலின் தசையும் தளர்கிறது. உணவு மெதுவாக நகர்கிறது. நீர் அதிகம் உறிஞ்சப்பட்டு மலம் இறுகுகிறது. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையம் நெகிழ, அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் வருகிறது. கருவைக் காக்கும் அதே வேதிப்பொருள்தான் மலச்சிக்கலுக்கும் காரணம் என்று தெரிந்தால் வேதனை குறையாது. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயமாவது குறையும். பகல் தூக்கத்திலும் இந்த ஹார்மோனுக்குப் பங்குண்டு. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் ஒரு பொருள், மூளையை அமைதிப்படுத்தும் ஏற்பிகளில் (வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களில்) செயல்பட்டுத் தூக்கம் வரவைக்கிறது. மூளையின் சுவாச மையத்தையும் இந்த ஹார்மோன் தூண்டுவதால் மூச்சு ஆழமாகிறது. அதைத்தான் பல பெண்கள் மூச்சு வாங்குவதாக உணர்கிறார்கள்.

ரத்த ஓட்டமும் மாறுகிறது. ரத்தக் குழாய்கள் விரிவதால் ரத்த அழுத்தம் சற்றே இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதை ஈடுசெய்ய இதயம் நிமிடந்தோறும் கூடுதல் ரத்தத்தை வெளியேற்றுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதிக்குள் ரத்தத்தின் மொத்த அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடும். அந்த ஏற்றம் இப்போதே தொடங்கிவிடுகிறது. சிறுநீரகங்கள் ரத்தத்தை வடிகட்டும் வேகமோ முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே பாதியளவு அதிகரிக்கிறது. அடிக்கடி சிறுநீர் வருவதற்குக் கருப்பை அழுத்துவது மட்டுமே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும் பங்கு சிறுநீரகத்துடையது. இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது சரியல்ல.

குமட்டலுக்கு வருவோம். கர்ப்பிணிகளில் சுமார் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு இது வருகிறது. ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரவாக்கில் உச்சம் தொட்டு, பெரும்பாலோருக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் தணியும். காலையில் மட்டும்தான் வரும் என்றில்லை. நாள் முழுக்க வாட்டுவதும் உண்டு. எச்.சி.ஜி ஏறும் காலமும் குமட்டல் ஏறும் காலமும் ஒத்துப்போவதால் பழி நெடுங்காலம் அதன் மேலேயே இருந்தது. 2023 டிசம்பரில் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வு வேறொரு பொருளைச் சுட்டியது: ஜி.டி.எஃப்.15 என்ற புரதம். கருவும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து இதைப் பெருமளவில் தாயின் ரத்தத்துக்குள் அனுப்புகின்றன. அது மூளைத் தண்டில், வாந்தியைத் தூண்டும் பகுதியில் உள்ள ஏற்பியைத் தொடுகிறது.

கர்ப்பத்துக்கு முன் யாருடைய ரத்தத்தில் இந்தப் புரதம் குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத் திடீர் உயர்வு தாங்கவில்லை, குமட்டல் கடுமையாகிறது. பீட்டா தாலசீமியா என்ற மரபுவழி ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது எப்போதும் மிகுதியாகவே இருக்கும். அவர்களிடம் மசக்கைத் தொல்லை மிகக் குறைவு. உடல் முன்பே பழகியிருக்கிறது. ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான மார்லினா ஃபெஜோ, தானே கடும் வாந்தியால் கருவை இழந்தவர். எத்தனையோ பெண்களிடம் "எல்லாம் மனசுதான் காரணம்" என்று சொல்லப்பட்டு வந்ததற்கு இந்தக் கண்டுபிடிப்பு நேரான மறுப்பு. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும்; கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவது பலருக்கு உதவுகிறது. வைட்டமின் பி6, அதனுடன் டாக்சிலமின் என கர்ப்ப காலத்துக்கேற்ற மருந்துகளும் இருக்கின்றன. மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

மார்பு கனத்து வலிப்பது, வாயில் உலோகச் சுவை, மூக்கடைப்பு எல்லாம் இதே ஹார்மோன் மாற்றங்களோடு வருபவை. எதுவுமே இல்லாமல் இந்த மாதங்களைக் கடப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் மட்டும் கருவுக்குக் குறை என்று எண்ண வேண்டாம்.

சில அறிகுறிகளை மட்டும் மசக்கைக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காதது, சிறுநீர் மிகக் குறைந்து அடர்நிறமாவது, உடல் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைவது ஆகியவை சிகிச்சை தேவைப்படும் கடும் வாந்தி நிலையைக் காட்டும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோடு காய்ச்சல் இருந்தால் தொற்றாக இருக்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், ரத்தப்போக்கு என்றால் கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்க வாய்ப்புண்டு. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.