ஒன்பது அங்குலச் சுவரும் ஓட்டைக் கல்லும்

மட்டக்களப்புக் கல்லடியில் புதிதாக வீடு கட்டிய ஒரு வாசகர் எழுதியிருந்தார். பக்கத்தில் கலியாண மண்டபம். அந்தப் பக்கச் சுவரை ஒன்பது அங்குலத்துக்குக் கட்டி, இரண்டு பக்கமும் பூசி, யன்னல்கூட வைக்காமல் விட்டாராம். அப்படியும் மண்டபத்தில் பாடும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கட்டிலில் கேட்கிறது. "இன்னொரு சுவர் எழுப்பினால் தீருமா?"

தீராது. சுவரின் உச்சியைப் பாருங்கள். காற்றுக்காக வரிசையாகப் பதித்த ஓட்டைக் கற்கள் இருக்கும்.

பாரமான சுவரை ஒலி அசைப்பது கடினம். எடை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும். 10 டெசிபெல் குறைந்தால் ஒலி ஆற்றல் பத்தில் ஒன்று, 20 குறைந்தால் நூறில் ஒன்று. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பூசிய ஒன்பது அங்குலச் சுவர் சுமார் 50 டெசிபெல் தடுக்கும். அதாவது ஒரு லட்சம் பங்கு ஒலி வந்து மோதினால் ஒரு பங்குதான் உள்ளே வரும்.

இனி ஓட்டைக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. சுவர் 12 அடிக்கு 10 அடி என்றால் 120 சதுர அடி. ஓட்டைகளெல்லாம் சேர்ந்து 1.2 சதுர அடி என்று வைப்போம், நூறில் ஒரு பங்கு. ஓட்டையில் விழும் ஒலி தடையில்லாமல் நுழைகிறது. ஆகவே அந்த ஒரு லட்சத்தில் சுவர் வழியாக வருவது 1, ஓட்டை வழியாக வருவது 1,000. சுவரைப் பதினெட்டு அங்குலமாக்கினால் அந்த 1 கால் பங்காகும். ஆயிரம் அப்படியே நிற்கும்! 50 டெசிபெல் சுவர் வெறும் 20 டெசிபெல் சுவராகிவிட்டது. பாதி ஓட்டையை அடைத்தாலும் 500 மிஞ்சும், குறைவது 3 டெசிபெல்தான், காது அதைப் பெரிதாக உணராது.

சரி, ஓட்டை மேலேதானே இருக்கிறது, கட்டிலுக்கு எப்படி வருகிறது? வெயில் அந்த ஓட்டையால் நுழைந்தால் எதிர்ச்சுவரில் ஒரு பொட்டாகத்தான் விழும். ஒலி அப்படியில்லை. 1,000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 35 சென்ரிமீற்றர். அதைவிடச் சிறிய ஓட்டையால் வரும் அலை, அந்த ஓட்டையே ஒரு சின்ன ஸ்பீக்கர் என்பதுபோல் நாலாபக்கமும் விரியும். முகத்துவாரத்தில், வாவியைக் கடலோடு சேர்க்க ஆற்றுவாய் வெட்டியிருக்கும் நாளில் போய்ப் பாருங்கள். இடுக்கால் நுழையும் கடலலை உள்ளே அரைவட்டமாக விரிவதைக் காணலாம்.

காற்றோட்டம் இல்லாமல் நம் ஊர் வெக்கையில் படுக்க முடியாது, அதனால் ஓட்டை இருக்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டல் படுக்கையறைக்கு 30 டெசிபெல் என்கிறது. இலங்கையின் 1996 இரைச்சல் ஒழுங்குவிதிகளில் மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு இரவு எல்லை 50, பிரதேச சபைப் பகுதிகளுக்கு 45. மாலை 6 மணிக்கே இரவுக் கணக்குத் தொடங்கிவிடும். கல்லடி மாநகர சபைக்குள் வருவதால் 50. அதில் நம் ஓட்டைச் சுவரின் 20 ஐக் கழித்தால் சரியாக 30! வெளியே 75 ஆனால் உள்ளே 55, தூக்கம் போச்சு. ஆகவே நம் நாட்டில் சட்டத்தைச் சுவருக்கு மேலதிகமான ஒன்றாக நினைக்கக் கூடாது, பாதிச் சுவரே அதுதான். 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். கோயில், பள்ளிவாசல், மண்டபம் எதுவானாலும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கட்டடக்காரர் பார்க்கும் ஒலித்தடுப்பு அட்டவணைகள் பெரும்பாலும் யன்னலை மூடிவைக்கும் குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. நம் ஓட்டைக் கல்லை அளக்க இரண்டு அறையும் ஒரு ஒலிமானியும் போதும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இப்படியான ஆய்வுக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும்.

அந்த வாசகருக்கு ஒரு வழி சொன்னேன். ஓட்டைக் கல்லுக்கு உட்பக்கம் நாலு அங்குலம் தள்ளி ஒரு பலகைப் பெட்டி அடித்து, மேலேயும் பக்கங்களிலும் இடுக்கில்லாமல் பூசி, உள்ளே தும்பு மெத்தையை ஒட்டி, வாயைக் கீழே மட்டும் திறந்துவிடச் சொன்னேன். காற்று வளைந்து வந்துவிடும். ஒலி தும்புக்குள் புகுந்து, உராய்ந்து வெப்பமாகிப் போகும். போன வாரம் பதில் வந்தது: பாட்டின் சொற்கள் இப்போது விளங்கவில்லையாம், டிரம்ஸின் 'டும் டும்' மட்டும் இன்னும் வருகிறதாம். அதன் அலைநீளம் மூன்று, நாலு மீற்றர். நாலு அங்குலப் பெட்டிக்கு அது அடங்காது.