காரம் குறைந்த காரப்பாறை

ஆந்திராவின் குப்பம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து 'பிளாக் கிரானைட்' என்ற பேரில் லாரி லாரியாகப் போகும் கல், கிரானைட்டே அல்ல. அது டோலரைட், பழைய பாறையின் விரிசலில் எரிகுழம்பு ஏறி உறைந்த மாஃபிக் டைக் பாறை. வியாபாரப் பெயர் போகட்டும். தமிழில் நிலவியல் எழுதுகிறவர்கள் இதைக் 'காரப்பாறை' என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மக்னீசியத்தின் 'மா'வையும், இரும்பின் லத்தீன் பெயரான ஃபெர்ரத்தின் முதலெழுத்தையும் ஒட்டி 1912-ல் செய்த சொல் மாஃபிக். இதில் சிலிக்கா 45 முதல் 52 சதவீதம். அவ்வளவுதான்.

இதில் காரம் எங்கே வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் சிலிக்காவை அமிலக் கணக்கில் வைத்து, அது மிகுந்தால் அமிலப் பாறை, குறைந்தால் 'பேசிக்' பாறை என்றார்கள். கொள்கை செத்துப்போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம்மவர்கள் வேதியியல் அகராதியைப் புரட்டினார்கள். பேஸ் என்றால் காரம், எழுது காரப்பாறை! சரி, அதோடு விட்டார்களா? சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த ஆல்கலைன் பாறைக்கும் அதே பெயர். குப்பத்தில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் எதிரே ஏலகிரி. அந்த மலையின் சயனைட் (syenite) பாறை ஆல்கலைன் வகை. குப்பத்து டோலரைட் வேறு சாதி. குப்பமும் அடங்கிய தார்வார் என்ற பழம்பாறை நிலப்பகுதியின் டைக்குகள் பெரும்பாலும் தோலியைட் வகை, ஆல்கலி குறைவு. இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள்: 'காரம் குறைந்த காரப்பாறை'.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் அல்ல. பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டில் கொஞ்சமாக உருகினால் ஆல்கலைன் குழம்பு, நிறைய உருகினால் தோலியைட். நிலம் இழுபட்டுப் பிளந்தபோது கீழே என்ன நடந்தது என்பதற்கு அதுவும் ஒரு தடயம். பெங்களூர் டைக் திரளுக்குச் சுமார் 237 கோடி வயது. அத்தனை பழைய கதையில் கைக்குக் கிடைக்கும் தடயத்தை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் அழித்துவிடுகிறார்.

டைக்கை 'அணை' என்பவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் அந்தச் சொல்லுக்குக் கற்சுவர் என்று பொருள். சுற்றியுள்ள பாறை தேய்ந்தபின் சுவர்போல் நிற்பதால் வந்த பெயர். ஆகவே சுவர்ப்பாறை. மாஃபிக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம், மாஃபிக் சுவர்ப்பாறை. தூய தமிழ்தான் வேண்டுமென்றால் இரும்பு-மக்னீசியப் பாறை என்று நீட்டி எழுதட்டும், மக்னீசியம் மட்டும் எந்த ஊர்த் தமிழோ! 'கருங்கல்' உதவாது. அந்தப் பெயரை நம் ஊரில் சாம்பல் நிறக் கிரானைட்டுக்கு எப்போதோ கொடுத்துவிட்டார்கள்.