பதின்பருவத்தினருக்கு நாடகப் பயிற்சி: முதலில் காது, பிறகு வாய்

மாணவர்களின் பேச்சுத் திறனை வளர்க்க நாடகம் போடலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான பள்ளிகள் முதலில் தேடுவது ஒரு பிரதியை. பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து, வசனத்தை மனப்பாடம் செய்யவைத்து, ஒத்திகை பார்த்து மேடையேற்றிவிடுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அந்த மேடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒருவர் பேசும்போது எதிரே நிற்பவர் அவர் சொல்வதைக் கேட்பதே இல்லை. தன் முறை வருவதற்காக அவருடைய கடைசிச் சொல்லுக்குக் காத்திருக்கிறார். ஒரு வரி விடுபட்டால் இருவரும் விழிக்கிறார்கள். நாடகப் பயிற்சியாளராக என் கணிப்பு இதுதான்: அங்கே ஒப்பித்தல் நடக்கிறது, உரையாடல் நடக்கவில்லை.

அதனால் நான் பிரதியை மூடிவைத்துவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குவேன். எல்லோரும் வட்டமாக நின்று, கண்ணை மூடி, 1 முதல் 20 வரை எண்ண வேண்டும். யார் எந்த எண்ணைச் சொல்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளக் கூடாது. இருவர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் மறுபடியும் 1. ஆரம்பத்தில் ஐந்தைத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கும். முந்திக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் தாமாகவே அடங்குவார்கள். எப்போதும் ஒதுங்கி நிற்பவர் ஓர் எண்ணைச் சொல்லிப் பார்ப்பார். இதற்காக நாம் ஓர் அறிவுரையும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்டு மெய்ஸ்னர் உருவாக்கிய திருப்பிச் சொல்லும் பயிற்சி. இருவர் எதிரெதிரே அமர்வார்கள். “நீ கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாய்” என்று ஒருவர் கண்டதைச் சொன்னால், “நான் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்” என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரிடம் புதிதாக ஏதேனும் தென்படும்வரை அதே வாக்கியம் மாறி மாறிப் போகும். முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பு ஓய்ந்த பிறகு, சொல் மாறாமலே குரலில் எரிச்சலோ கனிவோ ஏறுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். “எங்கே போயிருந்தாய்?” என்ற ஒரே கேள்வியைக் கவலையோடும் சந்தேகத்தோடும் மகிழ்ச்சியோடும் கேட்கச் சொல்லி, எது எது என்று மற்றவர்களை ஊகிக்கவைக்க இதுவே சரியான நேரம்.

பதின்பருவத்தின் கூச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோருடைய கண்ணும் தன்மேல்தான் இருக்கிறது என்ற உணர்வை உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் ‘கற்பனைப் பார்வையாளர்’ என்று விளக்கினார். அந்த வயதினரில் ஒருவரைத் தனியாக முன்னால் வரச்சொல்லி நடிக்கவைப்பது, அவர் கற்பனை செய்த பார்வையாளரை நிஜமாகவே கொண்டுவந்து உட்காரவைப்பதாகிவிடும். மாறாக, வகுப்பு முழுவதையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒரே நேரத்தில் பேசவிடுங்கள். இரைச்சல் இருக்கும், பக்கத்து வகுப்பிலிருந்து புகாரும் வரலாம். ஆனால் வேடிக்கை பார்க்க ஆள் இருக்காது. குரல் உடையும் பருவத்துப் பையன்களை “இன்னும் உரக்கப் பேசு” என்று விரட்டவும் வேண்டாம். தொண்டையில் குரல்வளை வளர்ந்துகொண்டிருக்கும் காலம் அது. குரல் பிசிறுவது அவர்கள் கையில் இல்லை.

திக்கிப் பேசும் மாணவர்களில் பலருக்கு, மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்கல் வெகுவாகக் குறைந்துவிடுவது நன்கு அறியப்பட்ட உண்மை. குழுவாகச் சொல்லும் வரிகளில் அவர்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். அதைச் சிகிச்சை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அதற்குப் பேச்சுப் பயிற்சி நிபுணர் இருக்கிறார்.

பேச்சு உண்மையில் வளர்வது, பேசியே ஆக வேண்டிய தேவை வரும்போது. இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். அவருடைய முறையில் ஆசிரியரும் ஒரு பாத்திரமாக உள்ளே வருவார். அணை கட்டுவதற்காக இடம்பெயர வேண்டிய ஊரின் ஆளாக ஆசிரியர் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். மாணவர்கள்தான் பொறியாளர்கள். “எங்கள் வீடுகள் என்ன ஆகும்?” என்று அவர் கேட்டதும், வழக்கமாக ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைகள் நிதானமாக, பொறுப்பான மொழியில் விளக்கத் தொடங்குவார்கள். ஆசிரியருக்குப் பதில் தெரியும் என்ற சுவர் அங்கே இல்லை. பிரேசிலைச் சேர்ந்த நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலின் ‘விவாத அரங்கு’ என்ற நாடக முறையில், பார்த்துக்கொண்டிருப்பவரே “நிறுத்துங்கள்” என்று சொல்லி மேடையேறி, காட்சியின் போக்கை மாற்றலாம். எங்கே நுழைவது என்று தெரிய, முழுக் காட்சியையும் கவனித்திருக்க வேண்டும்.

காட்சிக்கான கதையை மாணவரின் சொந்த வீட்டுத் துயரத்திலிருந்து எடுக்காதீர்கள். கற்பனைப் பெயரும் கற்பனைச் சூழலும் போதும். கனமான காட்சி முடிந்ததும் பாத்திரத்தைக் களைந்துவிட்டுத் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி அமரச் செய்யுங்கள்.

மதிப்பெண் போட்டாக வேண்டும் என்றால், நடிப்புக்குப் போடாதீர்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் விவாதங்களுக்குச் சொன்ன விதியைக் காட்சிக்குள் கொண்டுவரலாம்: முன்னவர் சொன்னதை, அவர் “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் தன் வார்த்தையில் சொன்ன பிறகே அடுத்தவர் பதில் பேசலாம். அந்த “ஆம்” எத்தனை முறை முதல் முயற்சியிலேயே கிடைக்கிறது என்று குறித்துவைத்தால் போதும்.