நெகட்டிவில் இல்லாத நீலம்

ஒரு வாசகரின் கேள்வி இது. ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படத்தை முதலில் பழைய டிவிடியிலும் பிறகு ப்ளூரேயிலும் பார்த்திருக்கிறார். டிவிடியில் வெறும் கறுப்பு வெள்ளையாக ஓடிய காட்சிகள் ப்ளூரேயில் நீலமாக இருக்கின்றனவாம். “புதுசாக்குகிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரில் சாயம் பூசிவிட்டார்களா?” என்று கேட்கிறார்.

நடந்தது நேர் எதிர். பழைய நல்ல படங்களை வட்டில் கொண்டுவரும் கிரைட்டீரியன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட டிவிடியில்தான் அந்த நீலம் விடுபட்டுப்போயிருந்தது. 2011இல் வந்த ப்ளூரேயில் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். ஒரு படத்தின் நிறம் எப்படி வழியில் விழுந்துவிடும் என்பதுதான் சுவாரசியமான கதை.

கேமராவுக்குள் ஓடும் நெகட்டிவில் வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் பதியும். வண்ண நெகட்டிவ் என்றால் மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாயம், எல்லாம் தலைகீழ். இது பள்ளியில் படித்ததுதான். பிலிம் காலத்தில் திரையரங்கில் ஓடியது நெகட்டிவ் அல்ல. அதன் வழியாக ஒளியைச் செலுத்தி, இன்னொரு பிலிமில் எடுத்த பிரிண்ட். படத்தின் நிறம் முடிவானது அந்த பிரிண்டை எடுக்கும் இயந்திரமான பிரிண்டரில்.

லேப் பிரிண்டருக்குள் ஒரு பெரிய விளக்கு எரியும். அதன் வெள்ளை ஒளியைச் சிறப்புக் கண்ணாடிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரிக்கும். ஒவ்வொரு கற்றையின் பாதையிலும் திறந்து மூடும் ஒரு கதவு. அதைக் கடந்ததும் மூன்றும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து நெகட்டிவ் வழியாகப் போய் பிரிண்ட் பிலிமில் விழும். கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கு ஏறத்தாழ 50 படிகள் உண்டு. ஒரு படி ஏற்றினால் வெளிச்சம் சுமார் 6 சதவீதம் கூடும், 12 படி ஏற்றினால் இரட்டிப்பாகும். ஒரு ஷாட்டுக்கு மூன்று எண்கள், உதாரணமாக 26, 31, 28. ஷாட் மாறும் கணத்தில் மூன்று கதவுகளும் சட்டென்று புதிய எண்ணுக்கு நகர்ந்துகொள்ளும். இந்த எண்களை முடிவு செய்பவர் லேபில் உட்கார்ந்திருக்கும் கிரேடர். பக்கத்தில் ஒளிப்பதிவாளர் இருப்பார், சில சமயம் இயக்குநரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். திரையில் நீலம் வேண்டுமென்றால் நீல ஒளியைக் கூட்ட வேண்டும் என்றுதானே தோன்றும்? குறைக்க வேண்டும். பிரிண்ட் பிலிமில் நீல ஒளி பட்ட இடத்தில் மஞ்சள் சாயம் உருவாகும். மஞ்சள் சாயம் நீலத்தை விழுங்கிவிடும். ஆக, நீல ஒளி குறைந்தால் மஞ்சள் குறையும், மஞ்சள் குறைந்தால் திரையில் நீலம் தப்பிப் பிழைக்கும்.

இப்போது ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவை வண்ண பிரிண்ட் பிலிமில் அச்சிட்டு, நீலக் கதவை மட்டும் கொஞ்சம் மூடிப் பாருங்கள். நல்ல வெள்ளை வர வேண்டிய இடத்தில் பிரிண்டுக்கு ஒளியே கிட்டத்தட்ட போகவில்லை. எந்தச் சாயமும் உருவாகாததால் அது வெள்ளையாகவே நிற்கும். கும்மிருட்டு வர வேண்டிய இடத்தில் ஒளி தாராளமாகப் பட்டிருக்கும். மூன்று சாயங்களும் நிரம்பி வழிவதால் அது பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். நடுவில் உள்ள சாம்பல்கள்தான் நீலமாகின்றன. முகத்தின் நிழல், சுவர், தலையணை உறையின் மடிப்பு. புரொஜக்டருக்கு முன்னால் நீலக் கண்ணாடி வைத்தால் இந்த நயம் வராது, வெள்ளையும் சேர்ந்து நீலமாகிவிடும்.

இப்படி ஏறிய நீலம் பிரிண்டில் இருக்கிறது, அந்த மூன்று எண்களில் இருக்கிறது. நெகட்டிவில் துளியும் இல்லை. பெட்டகத்திலிருந்து நெகட்டிவை எடுத்து ஒழுங்காக ஸ்கேன் செய்தால் சுத்தமான கறுப்பு வெள்ளைதான் கிடைக்கும். ஸ்கேனர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும், படம் மட்டும் தவறாக இருக்கும்.

சரி, பழைய பிரிண்டைப் பார்த்துச் சரிசெய்யலாமே? அங்கேயும் சிக்கல். அந்தக் காலத்து வண்ண பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் மெல்ல வெளுக்கும். பழைய கலர்ப் படங்கள் டூரிங் கொட்டகையில் செக்கச்செவேலென்று ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேட்டு உறுதிசெய்யவும் ஆள் இல்லை. தார்க்கோவ்ஸ்கி 1986இல் காலமானார். அவருடைய இன்னொரு படமான ‘ஸ்டாக்கர்’ படத்தின் ஒளிப்பதிவாளர் க்னியாஷின்ஸ்கி 1996இல் போய்விட்டார்.

அந்த ‘ஸ்டாக்கர்’ இன்னும் வம்பு பிடித்த கேஸ். 1977இல் எடுத்த காட்சிகள் லேபில் கழுவும்போதே பாழாகின. ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து, 1979இல்தான் படம் முடிந்தது. அதில் மூன்று பேர் தண்டவாள வண்டியில் போகும் நீண்ட பயணம் ஒன்று உண்டு. பழுப்பு நிறத்தில் பின்னந்தலைகள், பக்கவாட்டு முகங்கள், சக்கரத்தின் தடக் தடக். வேறெதுவும் நடக்காது. திடீரென்று ஒரு வெட்டு, பச்சைப் புல்வெளி. கிரேடர் அந்தப் பழுப்பைச் சற்றே பொன்னிறமாக்கினால் போதும், பச்சை தரும் அதிர்ச்சியில் பாதி காலி. பச்சையைப் பளிச்சென்று ஆக்கினால் அது சுற்றுலா விளம்பரம்.

கீறல், தூசி இதெல்லாம் ஒப்பிட்டால் சுலபம். பிலிமின் அடித்தளத்துக்குக் கிட்டத்தட்ட அதே ஒளிவிலகல் எண் உள்ள திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்தால், அடித்தளத்துக் கீறல்களில் திரவம் நிரம்பி ஒளி சிதறாமல் நேரே போகும், கீறல் கண்ணுக்கே தெரியாது. அகச்சிவப்பு ஒளியில் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்தால் வண்ணச் சாயங்கள் மறைந்து தூசி மட்டும் தெரியும், அதை வரைபடமாக வைத்துத் துடைக்கலாம். வெள்ளித் துகள்களால் ஆன கறுப்பு வெள்ளைப் பிலிமில் இந்த வித்தை பலிக்காது. வெள்ளி அகச்சிவப்பையும் மறைத்துவிடும்.

ஆனால் வட்டின் அட்டையில் 4கே என்று, அதாவது ஸ்கேனின் நுணுக்கத்தைச் சொல்லும் எண், போட்டிருக்கிறதா என்றுதான் நம்மில் பலர் ராசி எண் பார்ப்பதுபோலப் பார்க்கிறோம். ‘ஸ்டாக்கர்’ படத்தின் 2017 ப்ளூரே, ரஷ்யாவின் மாஸ்ஃபிலிம் ஸ்டுடியோ செய்த 2கே சீரமைப்பிலிருந்து வந்தது. அதில் குறை காண்பவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசட்டும், எண்ணைப் பற்றி அல்ல. பொதுப்பணம் போக வேண்டிய இடம் என்று என்னைக் கேட்டால், குளிரூட்டிய பெட்டகத்தையும் கிரேடிங் எண்கள் எழுதிய காகிதங்களைப் பாதுகாப்பதையும் சொல்வேன். ரிப்பன் வெட்ட வசதியில்லாத செலவுகள் என்பதால் இவற்றுக்கு எந்த நாட்டிலும் காசு எளிதில் கிடைப்பதில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒன்று. வட்டு வாங்கும்போது உள்ளே இருக்கும் கையேட்டைப் படியுங்கள். எதை ஸ்கேன் செய்தார்கள், எந்த பிரிண்டை வைத்து நிறத்தை ஒப்பிட்டார்கள், யார் ஒப்புதல் தந்தார்கள் என்று நல்ல நிறுவனங்கள் எழுதியிருப்பார்கள். அப்புறம், உங்கள் டிவி கடையில் வைத்த ‘விவிட்’ அமைப்பிலேயே இருந்தால் எல்லாப் படமுமே கொஞ்சம் நீலமாகத்தான் தெரியும். அதை ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றிவிட்டு இரண்டு வட்டுகளையும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.