அரச அலுவலர்களுக்குப் பன்மைத்துவப் பயிற்சி: எது கட்டாயம், எது இன்னும் வேண்டும்

இனம், மதம், மொழி, உடல்நிலை ஆகியவற்றால் வேறுபட்ட மக்களை மதித்து நடத்துவதற்கான பயிற்சி இலங்கையின் அரச அலுவலர்களுக்குக் கட்டாயமாக்கப்பட வேண்டுமா என்று பேசும்போது, அதில் மொழி சார்ந்த பகுதி ஏற்கெனவே கட்டாயம் என்பதை மறந்துவிடுகிறோம். 2007 யூலை 1 ஆம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் இணைந்தவர்கள் மற்றைய அரச கரும மொழியில் (தமிழர் சிங்களத்தில், சிங்களவர் தமிழில்) 5 ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும், தவறினால் சம்பள ஏற்றம் பிற்போடப்படும் என்று பொது நிருவாகச் சுற்றறிக்கை 07/2007 விதித்தது.

இதன் அடிப்படை அரசியலமைப்பிலேயே உள்ளது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் 16 ஆவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய உறுப்புரை 22 ஐ விரிவாக்கியது. வட மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் என்றாலும், வவுனியா தெற்கிலோ வெலிஓயாவிலோ வாழும் சிங்களவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தமது மொழியில் அலுவல் பார்க்கலாம். கிளிநொச்சியிலிருந்து கொழும்புத் திணைக்களமொன்றுக்குச் செல்லும் தமிழருக்கும் அதே உரிமை உண்டு. நமக்கு வேண்டும் என்று கேட்கும் உரிமையை நமது அலுவலகங்களும் வழங்க வேண்டும் என்பது சிலருக்குக் கசக்கலாம்.

ஆனால் மொழித் தேர்ச்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. போரில் காலை இழந்தவரை மாடிப்படி ஏறிவரச் சொல்வதும், கணவரைக் காணாது தேடும் பெண்ணிடம் மரணச் சான்றிதழ் எங்கே என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பதும், 1977 இன வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வடக்குக்கு வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளைகளை இன்னமும் வெளியாராகப் பார்ப்பதும் நல்ல தமிழிலேயே நடக்கக்கூடியவை. சாதி, பால், மதம், பிறப்பிடம் போன்ற காரணங்களால் பாரபட்சம் காட்டுவதை உறுப்புரை 12 தடுக்கிறது; மாற்றுத்திறனாளிகளுக்கென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இவை கருமபீடத்தில் எப்படிக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பதையே அலுவலருக்குக் கற்பிக்க வேண்டும்; அப்பயிற்சி கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கட்டாயப்படுத்தினால் வரவேட்டில் கையொப்பமிட்டு, வடையும் தேநீரும் முடிந்ததும் கலைந்துவிடுவார்கள் என்ற ஆட்சேபணை நியாயமானதே. ஆகவே ஒருநாள் கருத்தரங்காக அன்றி, நியமனத்தை நிரந்தரமாக்குவதற்கும் சேவையில் முன்னேறுவதற்கான வினைத்திறன் காண் தடைப் பரீட்சைக்கும் உரிய நிபந்தனையாக அதனை இணைக்க வேண்டும்.

இப்போதைக்கு, மொழியுரிமை மறுக்கப்பட்டவர் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச கரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். பாரபட்சம் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த அவகாசத்தில் கணக்கிடப்படாது. எனவே முறைப்பாட்டைத் திகதியிட்டு எழுதி, பிரதியொன்றை வைத்திருப்பது அவசியம்.