போன வருடம் கொடுத்தவர்கள் எங்கே?

நிதியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போதுதான் தொண்டு நிறுவனங்களிலிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கும். "பட்ஜெட்டில் துண்டு விழுகிறது சார், ஒரு நிகழ்ச்சி வைத்து ஈடுகட்டிவிடலாமா?" நான் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதலில் நன்கொடைப் பட்டியலை அனுப்பச் சொல்வேன்.

ஒருமுறை அப்படி வந்த எக்செல் தாளில் நானூறு சொச்சம் பெயர்கள். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால், முந்தைய ஆண்டு கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த ஆண்டு காணோம். ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கணக்கரிடம் கேட்டேன். "நிறுத்தினார்களா என்று தெரியாது சார். இந்த வருடம் அவர்களிடம் நாம் கேட்கவே இல்லையே" என்றார். அதே தாளில் ஐந்து வருடம் விடாமல் கொடுத்த ஓர் அம்மாவின் பெயரும் இருந்தது. கடைசியாக அவருக்குப் போன ரசீது மூன்று மாதம் தாமதம், பெயரிலும் எழுத்துப்பிழை. அதற்கடுத்து வந்த கடிதம் "அன்புள்ள நன்கொடையாளரே" என்று தொடங்கியது. ஆறாம் வருடம் அவர் கொடுக்கவில்லை.

ஆண்டுத் திட்டம் போட உட்காருகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் 100 கொடையாளர்களில் ஆண்டுதோறும் 40 சதவீதம் பேர்தான் தங்குகிறார்கள் என்றால், மூன்றாம் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 6 பேர். இன்னொரு நிறுவனத்தில் 60 சதவீதம் தங்கினால் 21 பேர். புதியவர்களைத் தேடிப் பிடிக்க ஆகும் அஞ்சல், அச்சு, விளம்பரம், ஆள் நேரம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் முதல் நிறுவனம் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் நான் திட்டத்தை இலக்குத் தொகையிலிருந்து தொடங்குவதில்லை. பட்டியலை மூன்றாகப் பிரிப்பேன்: தொடர்ந்து கொடுப்பவர்கள், போன வருடம் கொடுத்து இந்த வருடம் இன்னும் கொடுக்காதவர்கள், இதுவரை கொடுக்காத தெரிந்தவர்கள். நடுவில் இருப்பவர்கள்தான் தங்கச் சுரங்கம். அவர்களை முதல் காலாண்டிலேயே, முடிந்தவரை போனில், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

யாரை முதலில் கேட்பது என்பதற்கு, 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சொன்ன வரிசையைவிட நல்லதை நான் இன்னும் பார்க்கவில்லை. பிரார்த்தனைக் கூடம் கட்டப் பணம் திரட்ட வந்த போதகரிடம் அவர் சொன்னது இது: கட்டாயம் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்களிடம் முதலில் போங்கள், கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று இருப்பவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள், கொடுக்கவே மாட்டார்கள் என்று நினைப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள், சிலர் விஷயத்தில் உங்கள் கணிப்பு தப்பாக இருக்கலாம். 1751-இல் பிலடெல்பியாவில் மருத்துவமனை கட்ட, மக்கள் 2,000 பவுண்டு சேர்த்தால் சட்டசபையும் 2,000 பவுண்டு தரும் என்ற ஏற்பாட்டைச் செய்தவரும் அவரே. தான் கொடுப்பது இரட்டிப்பாகும் என்றால் கொடுக்கிற கை நீளும். இன்றும் ஆண்டில் ஒரு முறை இதைச் செய்து பார்க்கலாம். இரண்டாம் முறை செய்தால் சலித்துவிடும்.

அந்த முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நிர்வாகக் குழுவினர். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. "உங்கள் குழுவில் எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள்?" என்று பெரிய கொடையாளர் ஒருவர் கேட்டு, எதிரில் இருந்தவர்கள் முகத்தோடு முகம் பார்த்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாரும் சமமாகக் கொடுப்பார்கள் என்று வகுத்துப் பார்ப்பதும் வீண். 100 பங்கு வேண்டுமென்றால், 15 பங்கு ஒருவர், தலா 10 பங்கு இருவர், தலா 5 பங்கு நால்வர், மீதியைச் சிறு தொகைகளாகப் பலர் என்று மேலிருந்து படி கட்டுங்கள். மேல்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பெயர்களாவது கையில் இருக்க வேண்டும். பெயர் எழுத முடியாத படி இருந்தால் இலக்கைக் குறைத்துவிடுங்கள்.

"வைரலாக ஏதாவது செய்யலாமே" என்று யாராவது ஓர் இளைஞர் கட்டாயம் கேட்பார். 2014 கோடையில் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சவாலால் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்குச் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது உண்மை. அடுத்த ஆகஸ்டில் திரும்பச் செய்தபோது வந்தது அதில் ஒரு துளி. வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், பட்ஜெட்டில் எழுத முடியாது. நிகழ்ச்சிகளும் ஏறத்தாழ அப்படித்தான். மேடையில் அறிவித்த தொகைக்கும், மண்டபம், ஒலி, அச்சு, சாப்பாடு எல்லாம் போகக் கையில் நின்றதற்கும் உள்ள தூரத்தை யாரும் மேடையில் அறிவிப்பதில்லை. மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாக வரும் சிறு தொகைகள்தான் வாடகையையும் சம்பளத்தையும் தாங்கும்.

நாட்காட்டியில் என் விதி ஒன்றுதான். இரண்டு வேண்டுகோள்களுக்கு நடுவில், எதுவும் கேட்காத ஒரு கடிதமாவது போக வேண்டும். பணம் வந்த 48 மணி நேரத்துக்குள் ரசீதும் நன்றியும் போய்விட வேண்டும், பெயர் சரியாக இருக்க வேண்டும்.

அந்த நானூறு பெயர் நிறுவனம் நிகழ்ச்சியைக் கைவிட்டுவிட்டு ஒரு வாரம் போனும் கையுமாக உட்கார்ந்தது. முதல் நாளே ஒருவர் கேட்டாராம்: "அடடே, நீங்கள் இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறீர்களா? மூடிவிட்டீர்கள் என்றல்லவா நினைத்தேன்!"