உலர் தேய்ப்பா, பிசறுபொடியா?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் பழைய தகர டிரம் ஒன்றை மொட்டை மாடிக்கு உருட்டிக்கொண்டு போனான். கோழி ரெக்கைக்குப் புகை போடப் போகிறானாம். அலைபேசியில் ஓடிய காணொளியின் அடியில் தமிழ் எழுத்து வந்தது: 'இறக்கைகள் மீது உலர் தேய்ப்பைப் பயன்படுத்தவும்.' இந்த உலர் தேய்ப்பு என் கண்ணில் படுவது நாலாவதோ ஐந்தாவதோ தடவை. எங்கள் தெருமுனையில் உலர் சலவைக் கடை இருக்கிறது, அதன் வாசலிலேயே தேய்ப்பு வண்டியும் நிற்கிறது. அங்கே போய் இந்தச் சொல்லைச் சொன்னால் சட்டை எத்தனை உருப்படி என்றுதான் கேட்பார்கள்.

ஆங்கிலத்து 'ட்ரை ரப்'பைத்தான் (dry rub) அப்படிச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள். ட்ரை ரப் என்பது பெரிய விஷயமில்லை. உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பூண்டுப்பொடி, பழுப்புச் சர்க்கரை எல்லாம் கலந்து, சுடுவதற்கு முன்னால் கறிமேல் ஒட்டவைக்கிற பொடி. ரப் என்றால் தேய். ஆங்கிலத்தில் வினையே பண்டத்துக்கும் பெயராகிவிட்டது. விழுதாக அரைத்துப் போட்டால் வெட் ரப், பொடியாகப் போட்டால் ட்ரை ரப். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துப் பன்றி விலா இந்தப் பொடிக்குப் பேர்போனது.

சரி, தேய்ப்புக்கு வருவோம். முதலில் அந்த 'உலர்' எதற்கு? நமக்குப் பொடி என்றாலே ஈரமில்லாததுதான். ஈரமானால் அது விழுது. ஆங்கிலத்துக்கு அடைமொழி இல்லாமல் முடியாது, நமக்கு இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே இருக்கிறது. அப்புறம் 'தேய்'. பாத்திரம் தேய்க்கலாம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், நிலா தேயலாம். கோழித் தோலை அழுத்தித் தேய்த்தால் கிழிந்து கையோடு வரும். பொடியைத் தூவி, விரலால் ஒற்றி, பிரட்டிவிடுவதுதான் வேலை. செய்கிற வேலையைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். அதே காணொளியில் 'புகைபிடித்த கோழி' என்றும் வந்தது. அந்தக் கோழிக்குப் பீடி வாங்கிக் கொடுத்தது யார் என்று தெரியவில்லை! வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்கவைக்கிற ஊரில், குழந்தை தலைக்குச் சாம்பிராணிப் புகை போடுகிற ஊரில், 'புகைபோட்ட கோழி' என்று எழுத ஏன் கை வரவில்லை?

'தடவுபொடி' என்று ஒரு நண்பர் சொன்னார். தேய்ப்பைவிட எவ்வளவோ மேல். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, வாயிலும் நிற்கிறது. ஆனால் எனக்குத் தடவு என்றாலே வெண்ணெயும் களிம்பும்தான் நினைவுக்கு வரும். தடவக் கொஞ்சமாவது பசை வேண்டும். 'பிரட்டுபொடி'யும் நல்ல சொல்தான். மதுரையில் அதைச் சொன்னால் சுக்கா, பிரட்டல் என்று இலை போட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் இதற்குச் சொல் எப்போதும் இருந்தது. கறி வாங்கி வந்ததும் அம்மா சொல்வது, "உப்பு மஞ்சள் பிசறி வை." பிசறுவது என்றால் பிசைவதில்லை. ஐந்து விரலையும் விரித்து, பொடி எல்லாத் துண்டிலும் படும்படி அடியிலிருந்து மேலே கிளறி எடுப்பது. பிசிறு வேறு, அது நூலில் வருவது. ஆகவே ட்ரை ரப்புக்கு நான் எழுதப்போவது பிசறுபொடி.

அன்றைக்கு ஒரு கிலோ ரெக்கைக்கு உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், சீரகத்தூள், பூண்டுப்பொடியோடு பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டுப் பிசறினோம். ஈரத்தைத் துணியால் ஒற்றாவிட்டால் பொடி கட்டி கட்டியாக நிற்கும். டிரம்மில் சூடு 120 டிகிரி செல்சியஸ், நேரம் ஒன்றரை மணி. உள்கறி 74 டிகிரியைத் தாண்ட வேண்டும். இவ்வளவு குறைந்த சூட்டில் தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும் என்பதால் கடைசியில் நெருப்பைக் கூட்டி மொறுமொறுப்பாக்கினான். கரி சீமைக்கருவேலம். டெக்சாஸ்காரர்கள் புகைக்குப் போடும் மெஸ்கீட் மரம் அதற்கு உறவுக்காரன்தான்.

பிசறுபொடி என்ற பெயரை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "பேரு வைக்கிறது இருக்கட்டும், சட்டியை மூடு, ஈ மொய்க்குது" என்றார்.